மாமா சுமக்காத ஹவில்தார்

எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், மாஷ் என்றுதான் கூப்பிடுவோம், ஓய்வு பெறுகிறாராம். விழா எடுக்கிறார்கள், சிறப்பு மலர் போடுகிறார்கள். பழைய மாணவர்கள் ஆளுக்கொரு நினைவு எழுதித் தர வேண்டுமென்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக நச்சரிப்பு. ஒரு நாவலை மாணவர்களின் ஆராய்ச்சி வழியாகவே கற்பித்த முன்னோடி அவர், அந்த முதல் குழுவில் நீ இருந்தாய், ஆகவே உன் நினைவுதான் முதல் பக்கம் என்று என்னைத் தனியாகவும் பிடித்துக்கொண்டார்கள். படிப்பவர் மனது நிறைய வேண்டுமாம். மலையாளத்தில் எட்டு வரி வாழ்த்து எழுதி அனுப்பித் தலைமுழுகிவிட்டேன். அந்த எட்டு வரியும் பொய். உண்மையை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளத்தில் படித்தவள் நான். தமிழ் எழுத்து எனக்கு அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து வந்ததுதான். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாஷ் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். அவர் பிரம்பு எடுத்ததில்லை. மழை நாளில் குடையில்லாத பிள்ளைகளைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடுவார். கேள்வி கேட்கிறவன்தான் படித்தவன் என்பார். அப்படிப்பட்டவர்மேல் இத்தனை வருடமாக ஒருத்தி கோபத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் கேட்பவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவர் சனிக்கிழமை வகுப்பு ஒன்று ஆரம்பித்தார். எங்கோ ஐரோப்பாவில் நடந்த பெரிய போரைப் பற்றிய பழைய நாவல், மலையாளத்தில் பெயர்த்தது, செங்கல் கனம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். நாவல் பாவம், அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் அதை மாஷ் வாசித்துக் காட்டிவிட்டுப் போகவில்லை. நாவலில் வரும் ஒவ்வொரு பொருளையும் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தார். அந்த வீரர்கள் தின்ற ரொட்டி எந்த மாவில் செய்தது, பூட்ஸை யார் தைத்தார்கள், வீட்டுக்குப் போட்ட கடிதம் எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, அடிபட்ட காலை வெட்டி எடுக்கும்போது மயக்க மருந்து இருந்ததா. நாங்கள் நூலகத்துக்கு ஓடினோம், இன்டர்நெட் கடையில் வரிசையில் நின்றோம், எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்கே இரண்டு பேர் போய் வந்தார்கள். அந்த மூன்று மாதம் போல நான் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாஷ் கேட்டார், யார் வீட்டிலாவது பட்டாளத்துக்காரர் இருக்கிறாரா, சண்டை நடந்த இடத்தில் இருந்தவர். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. 'போர்வீரனின் ஒரு நாள்' என்கிற தலைப்பு எனக்கு வந்தது. நாவலின் நடு அத்தியாயத்தையும் எங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். மற்ற எல்லாத் தலைப்பையும்விட அதுதான் பெரியது.

எங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரர் அம்மாவின் அண்ணன். பதினைந்து வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, எங்களோடு முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் பகல் காவல் வேலை. காக்கி உடுப்பில் அவர் விறைத்து நிற்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குச் சரிசமமாகத் தொங்கியது. தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது, 'பட்டாளம்' என்றால் அவர்தான்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் வீட்டு மானம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் சாக்கடைக் கான் அள்ளுகிற வேலை. சாயாக் கடையில் அப்பாவை ஏய் போடுகிற மாதிரி 'எடோ' என்று கூப்பிடுவார்கள். மாமா பக்கத்தில் இருந்தால் அதே வாய்கள் அப்பாவையும் அண்ணன் மரியாதையோடு 'சேட்டா' என்று கூப்பிடும். எங்கள் சாதி இன்னதென்று தெருவில் தெரியாதவர் இல்லை. மாமாவின் படத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் மறந்திருப்பார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கு ஜங்ஷன் கிளப்பில் கொடியேற்றுவது மாமாதான். கிளப் செக்ரட்டரியே காலையில் வீட்டு வாசலுக்கு வந்து, "பட்டாளம் ரெடியாயோ?" என்று கேட்டு அழைத்துப் போவார். நான் பின்னாலேயே மிட்டாய்த் தட்டோடு நடப்பேன். நடை எனக்கு அன்றைக்கு ஒரு தினுசாகத்தான் இருக்கும்.

ஆகவே நோட்டும் பேனாவுமாக மாமாவின் முன்னால் உட்கார்ந்தபோது என் முதல் கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மாமா, நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?"

சமையலறையில் அம்மா சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒருத்தரையும் இல்ல பிள்ளே. துப்பாக்கி குடுத்தாங்க, சுடவும் படிப்பிச்சாங்க. ஆனா என் ட்ரேட் வேற. நான் வாஷர்மேன். துணி தொவைக்கிற ஆளு."

அம்மா சமையலறை வாசலுக்கு வந்து, "அண்ணா, அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. மாமா யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், இவர் திருத்தவில்லை, அவ்வளவுதான். என் முகம் விழுந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"எழுதணும்னா எழுது. மாஷுக்கு மட்டும். ஜங்ஷன்ல வேண்டாம், என்ன?"

மூன்று சாயங்காலம் சொன்னார். ராணுவத்தில் சமைக்கிறவர், முடி வெட்டுகிறவர், துணி துவைக்கிறவர் எல்லோரும் சிப்பாய்கள்தான். அதே சத்தியம், அதே உடுப்பு. வடக்கே பனிமலையில் சண்டை மூண்டபோது அவருடைய யூனிட்டும் போயிற்று. மலையடிவாரத்தில் கூடாரம். தகர டிரம்மில் பனியை உருக்கித் துணி துவைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. எண் போட்டிருப்பார்கள், அது நாலு துவைப்பில் மங்கிவிடும். மாமா லீவு முடிந்து போகும்போதெல்லாம் மட்டாஞ்சேரி அங்காடிக் கடையில் சேங்கொட்டை வாங்கிக்கொண்டு போவாராம். அதன் கறை எத்தனை துவைத்தாலும் போகாது. நம் ஊரில் துணிக்குக் குறி போடுகிற மாதிரியே, காலருக்கு உள்ளே யாருக்கும் தெரியாத இடத்தில், ஆளுக்கொரு குறி. மூன்று புள்ளி ஒரு கோடு என்றால் பாலக்காட்டுக்காரன், எந்நேரமும் பாடுகிறவன். இரண்டு கோடு குறுக்கே ஒன்று என்றால் ஒரு பஞ்சாபி, சட்டைப்பையில் எப்போதும் வெல்லத்தை மறந்து வைத்துவிடுகிறவன். பேர் மறந்தாலும் குறி மறக்காது என்றார் மாமா.

மேலே சண்டைக்குப் போகிறவர்கள் அழுக்குத் துணியை மாமாவிடம் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் துவைத்து மடித்து அடுக்கி வைப்பார். இறங்கி வருகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வாங்கப்படாமல் அப்படியே இருந்த அடுக்கைப் பார்த்தே யார் யார் இல்லை என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும். பெயர்ப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வரும்.

"அவங்க போட்டிருந்த துணியும் எங்கிட்டதான் வரும். வீட்டுக்கு அனுப்புற சாமானில் அழுக்குத் துணி வைக்கக் கூடாதுன்னு ஆர்டர். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது பிள்ளே, கறை பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணிதான். அந்தக் குளிர்ல பச்சைத் தண்ணி."

கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் வேறு நிறத்தில் இருந்தது. நான் அதை அதுவரை கவனித்ததே இல்லை. காலரில் இருந்த குறி மட்டும் என்ன செய்தாலும் போகாது, அப்படியேதான் ஊருக்குப் போகும் என்றார். அந்த அம்மாமார் சட்டையைத் திருப்பிப் பார்த்து இது என்ன புள்ளி என்று யோசித்திருப்பார்கள். ஒருநாள் துணி காயப் போட்டிருந்த இடத்தில் குண்டு விழுந்தது என்றும் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கயிறு அறுந்து போச்சு. மறுபடி கட்டினேன்."

எல்லாவற்றையும் எழுதினேன். நோட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் எழுத எழுத ஏதோ ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்று புள்ளி ஒரு கோட்டை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அந்த நோட்டைத்தான் மாஷிடம் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை, நல்ல பரிவு. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார், இது போர் அல்ல, சலவை என்று. எனக்கு உட்கார நாற்காலி போட்டு விளக்கினார். உண்மையான வீரர்கள் பேச மாட்டார்கள் மோளே. நம் நாவலில் பார்த்தாய் அல்லவா, நாயகன் லீவில் வீட்டுக்கு வந்து, சண்டையைப் பற்றி அம்மா கேட்கும்போது வேறு ஏதேதோ சொல்கிறான். உன் மாமாவும் அப்படித்தான். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல முடியாமல் துணி, சோப்பு என்று சுற்றி வருகிறார். ஆராய்ச்சி செய்கிறவர் வாய்ச்சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. தோண்ட வேண்டும்.

எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். ஒரு மனுஷன் வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறந்து உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் ஒருவன் மறைத்தான் என்பதால் இவரும் மறைக்கிறாராம். அந்த நாவல் அறுநூறு பக்கம். அத்தனை பேர் அதில் சேற்றில் புரளுகிறார்கள், ரத்தத்தில் நனைகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் உடுப்புப் போட்டுக்கொண்டு அணிவகுக்கிறார்கள். அந்த உடுப்பை யார் துவைத்தது? ரொட்டிக்கு ஆராய்ச்சி, பூட்ஸுக்கு ஆராய்ச்சி, சட்டைக்குக் கிடையாதா? கேள்வி கேட்கிறவன்தான் படித்தவன் என்று சொன்ன வாய்க்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை. இதெல்லாம் இப்போது வருகிற வாய். அன்றைக்கு நான், "சரி மாஷே, தோண்டுறேன்" என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்து என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். மாமாவிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் துணிதான் வரும் என்று எனக்குத் தெரியும். நாவலை எடுத்தேன். அதன் பின்பாதியில் ஒரு இடம். உடைந்த பாலத்தடியில் அடிபட்டுக் கிடக்கும் தன் சார்ஜண்டைத் தலைப்பாகைத் துணியளவு நீளமான கழுத்துச் சால்வையால் முதுகோடு கட்டிக்கொண்டு நாயகன் ஆற்றைக் கடப்பான். ஆற்றைப் பனியோடையாக்கினேன். சார்ஜண்டை ஹவில்தாராக்கினேன். சால்வையைக் கம்பளிப் போர்வையாக்கினேன். மாமாவின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன், மூன்று எதிரிகளையும் போனால் போகிறதென்று சேர்த்துவிட்டேன். துவைத்த கதையில் ஒரு வரி வைக்கவில்லை. புது நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மாஷ் அதைப் படித்துவிட்டு வகுப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நாவலை இருபது தடவை படித்தவராம் அவர். அடிக்கோடு போடாத பக்கமே அவருடைய பிரதியில் கிடையாது. தன் நாவலின் பக்கம் தன் கண் முன்னாலேயே வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது, அவருக்குத் தெரியவில்லை. பார்த்தாயா, தோண்டினால் கிடைக்கிறதல்லவா என்று என் தோளைத் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆராய்ச்சிகளை எல்லாம் பெற்றோர் முன்னால் வாசிக்க ஒரு நாள் வைத்தார்கள். என்னுடையதுதான் கடைசி, முக்கியமானது. எர்ணாகுளத்திலிருந்து ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தலைமை தாங்குவார், அவர் கையால் மாமாவுக்குப் பொன்னாடை. மாஷ் வீட்டுக்கே வந்து அழைத்தார். உங்கள் கதைதான் எல்லாவற்றிலும் சிறந்தது சேட்டா, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்க வேண்டும் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமா மாஷையே பார்த்தார்.

"நான் பிள்ளைகிட்ட சொன்னதத்தான் சொல்றீங்களா?"

அதேதான் என்றார் மாஷ். அவர் எந்த நோட்டைச் சொன்னார், மாமா எந்த நோட்டை நினைத்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரு கணக்குப் போட்டேன். மாமா பெரிதாக எதையும் கவனிக்க மாட்டார், மைக் சத்தத்தில் பாதி காதில் விழாது, பொன்னாடை கிடைத்தால் சந்தோஷப்பட்டுவிடுவார். அவ்வளவு மண்டைதான் எனக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் மாமா ஜங்ஷனுக்குப் போய்க் கிளப் செக்ரட்டரியையும் இன்னும் நாலைந்து பேரையும் விழாவுக்கு வரச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா பயந்துவிட்டாள். "அண்ணா, அவங்கள்லாம் வந்தா விஷயம் தெரிஞ்சு போயிடுமே" என்றாள்.

"தெரியட்டும். மாஷே நல்லதுன்னு சொல்லியாச்சு. இனி என்னத்துக்கு ஒளிக்கணும்?"

விழா நாளில் மாமா வெள்ளைச் சட்டையைத் தானே துவைத்து, கஞ்சி போட்டு, தானே தேய்த்து உடுத்திக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் கிளப்காரர்கள். நான் மேடையேறி வாசிக்க ஆரம்பித்தேன். பனியோடையில் மாமா இறங்குகிற இடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் தலையைச் சாய்த்து, காது சரியாகக் கேட்காதவர் போல உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது துணி வரும் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அது வரவே இல்லை. ஹவில்தாரைக் கரை சேர்த்தேன், கைதட்டினார்கள், கிளப் செக்ரட்டரி விசில்கூட அடித்தார்.

மாமாவை மேடைக்கு அழைத்தார்கள். அதிகாரி கையைக் குலுக்கிவிட்டு, மைக் பக்கத்திலேயே இந்தியில் கேட்டார், எந்த யூனிட், என்ன ட்ரேட். உடம்பு பழக்கத்தை விடுமா? மாமா அட்டென்ஷனில் நின்று பதில் சொல்லிவிட்டார். 'வாஷர்மேன், சாப்' என்பது ஹால் முழுக்கக் கேட்டது. அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் இந்தி வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். வாஷர்மேனா ஹவில்தாரைத் தூக்கி வந்தது என்று கேட்டுச் சிரித்தார். குத்தலாகச் சிரிக்கவில்லை, வேடிக்கையாகத்தான் சிரித்தார். ஆனால் அவர் சிரித்ததும் ஹாலே சிரித்தது. மாஷின் முகம் செத்துப் போயிற்று. என்னைப் பார்த்துத் திரும்பினார். மைக்கை மூடிக்கொள்ளாமலே கேட்டார், இதை நீயாக இட்டுக்கட்டி எழுதினாயா, உண்மையைச் சொல்.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார்.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க மாஷே. நான்தான் அவகிட்ட அப்படிச் சொன்னேன். சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன். அவ சத்தியம்னு நம்பி எழுதிட்டா."

ஹாலில் இன்னும் ஒரு சிரிப்பு, இந்தத் தடவை பின்வரிசையிலிருந்து. மாஷ் சமாளித்துக்கொண்டார். சமாளித்தது எப்படி என்கிறீர்கள்? மைக்கைப் பிடித்து, பிள்ளைகளே, இதுவும் ஒரு பாடம் என்று ஆரம்பித்தார். வாய்வழியாகக் கிடைக்கும் தகவலைச் சரிபார்க்காமல் ஏற்றால் ஆராய்ச்சி இப்படித்தான் கவிழும், ஆகவே இன்றைக்கு நமக்கு நல்ல உதாரணம் கிடைத்தது என்றார். மாமா அந்த உதாரணமாக அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னாடையைப் பிரிக்காமலே கவருக்குள் திரும்ப வைத்தார்கள். அடுத்த மாதம் அது பெற்றோர் சங்கத் தலைவர் தோளில் கிடந்தது.

உண்மையான நோட்டு அந்த மனுஷன் கையில் நாலு நாள் இருந்தது. சிவப்பு மையில் சலவை என்று எழுதியவர் அவரேதான். மாமா பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்த ஹாலில் என்னைத் தவிர ஒரு சாட்சி இருந்தார் என்றால் அது மாஷ். அவருக்கு அது நினைவுக்கு வரவே இல்லையா, அல்லது வந்தும் விழுங்கிவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எது என்றாலும் நான் மன்னிப்பதாக இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்கு ஒரு பங்கு என்றால் எனக்கு இரண்டு பங்கு. நான் அங்கேயே நின்றிருந்தேன், எனக்கு வாயும் இருந்தது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். துணி துவைத்தவர் என்பதை ஜங்ஷன் ஒருவேளை இரண்டு மாதத்தில் மறந்திருக்கும். பீற்றிக்கொண்டவர் என்பதை மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இல்லாததைச் சொல்லிப் பீற்றுவதற்குத் 'தள்ளு' என்று பெயர். மாமா 'தள்ளு பட்டாளம்' ஆனார். சின்னப் பையன்கள், ஹவில்தார் சுகமாயிருக்கிறாரா என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த ஆகஸ்டில் கிளப் வேறு ஆளைக் கொண்டு கொடியேற்றியது. அப்பா மறுபடி 'எடோ' ஆனார். மாமா சாயாக் கடைக்குப் போவதை நிறுத்தி, கிடங்குக்குச் சுற்று வழியில் போய் வந்தார். சாகிற வரைக்கும் அந்தச் சுற்று வழியில்தான் போனார். ஒரு தடவைகூட, நான் சொன்னது இதல்ல, இந்தப் பிள்ளை மாற்றி எழுதியது என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவும், தன் அண்ணன் துணி துவைத்த கதையோடு நிறுத்தாமல் குழந்தையிடம் ஹவில்தார் கதையும் அளந்துவிட்டார் என்றே கடைசிவரை நம்பினாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

அன்று விழா முடிந்து நானும் மாமாவும் நடந்து வந்தோம். கிளப்காரர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். எனக்கு மாமாமேல்தான் கோபம். வாஷர்மேன் என்று மைக்கில் சொல்லாமல் இருந்திருக்கலாம், வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், எல்லாரும் சிரிக்கும்படி பண்ணிவிட்டார் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் திட்டுவார் என்று ஒரு பயமும் இருந்தது. கூவப்பாடம் திரும்புகிற இடம் வந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் சொன்னது மாஷுக்குப் பிடிக்கலையா பிள்ளே?"

"பிடிச்சுது மாமா. ஆனா அதுல சண்டை இல்லையாம்."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டு என்னை ஓரமாக இழுத்துக்கொண்டார்.

"இல்லதான்" என்றார்.

மாமாவே ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே மாஷ் சொன்னதுதான் சரி, இனி இந்தப் பேச்சு இல்லை என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. பசிக்கிறது என்று சொல்லிவிட்டு அவரை விட்டு முன்னால் ஓடினேன்.